மும்முனை வந்தது

எங்கள் தென்னந்தோப்பு ஆனைமலை அடிவாரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், நடுவில் ஒரு கரடு, சிறு பாறைக்குன்று. கரட்டைத் தாண்டினால் செல்பேசியில் சிக்னல் ஒரு கோடு வரும், உடனே போய்விடும். மும்முனை மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர் எங்களுடையது. அது வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டாக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராத நாட்களில் அப்பா நடு இரவில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போவார். மோட்டார் அறையில் முனைக்கு ஒன்றாக இருக்கும் மூன்று விளக்குகளில் இரண்டுதான் எரிகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் போவார். அவருக்கு 71 வயது. அப்படி ஓர் இரவில் வரப்பில் கண்ணாடிவிரியன் ஒன்று காலடியில் கிடந்ததை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. தோட்டத்தில் வேலை செய்பவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பே, கடையில் கிடைக்கும் செல்பேசி ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். சிம் கார்டு போட்டு, அழைப்பு கொடுத்தால் மோட்டார் ஓடும் வகை. சிக்னல் இருந்த நாட்களில் நன்றாகவே வேலை செய்தது. ஒரு மழைக்காலத்தில் அது நின்றுபோனது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த முக்கியமான சிப்பின் தலையில் அச்சிட்டிருந்த எண்ணை யாரோ உப்புத்தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள். நகல் எடுப்பவர்களுக்குப் பயந்து அழித்திருப்பார்கள், அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தேய்ந்த கறுப்புப் பரப்பைப் பார்த்தபடி மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தபோது, காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதாகவே ஆகவில்லை என்ற உணர்வு வந்தது.

குழாய் உடைந்தால் நீர் கசியும். ஒயர் அறுந்தால் அறுந்த முனை தெரியும். ரேடியோ நின்றுபோனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பேட்டரியா, ஆண்டெனாவா, மென்பொருளா, நடுவில் வளர்ந்த மரமா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். தேடுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கம்பியில்லாக் கருவிகளில் மின்சுற்று வரைபடமும் மென்பொருளும் திறந்திருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் இந்த முறை, எல்லாவற்றையும் திறந்து பார்க்கக்கூடிய பொருட்களை வைத்தே செய்வது என்று முடிவெடுத்தேன்.

என்னைப் போன்றவர்களின் மேசைக்குக் கம்பியில்லாத் தொடர்பு மலிவாக வந்து சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் ஆட்கள் இருந்தார்கள். நெதர்லாந்தில் ஜான்-க்ளோட் விப்ளர் என்பவர் ஜீநோட் என்ற சிறு ரேடியோ போர்டை வடிவமைத்து, அது தூங்கும்போது எத்தனை மைக்ரோ ஆம்பியர் குடிக்கிறது, விழிக்கும்போது எத்தனை என்று அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தார். மின்சாரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கலாம் என்று நான் கற்றுக்கொண்டது அவர் எழுத்திலிருந்துதான். ஆனால் பெரிய திருப்பம் 2014 ஆகஸ்டில் வந்தது. ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் செய்த ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப், கட்டைவிரல் அளவுள்ள ஒரு மாட்யூலில் சுமார் 5 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதுவரை, என்னைப் போன்றவர்கள் நிரல் எழுதிப் பழகும் ஆர்டுயினோ என்ற சிறு போர்டுக்கு வைஃபை சேர்க்க வேண்டுமானால் அதைப் போலப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும்.

வந்த மாட்யூலுக்குச் சீன மொழியில் மட்டும்தான் விளக்கக் குறிப்பு இருந்தது. உலகின் எந்தெந்த மூலையிலோ இருந்தவர்கள் சேர்ந்து அதை மொழிபெயர்த்தார்கள். இன்னொரு போர்டுக்குத் துணையாக, ‘ஏடி’ என்று தொடங்கும் குறுங்கட்டளைகளுக்குப் பதில் சொல்லும் அடிமையாகத்தான் அந்த மாட்யூல் விற்கப்பட்டது. அதற்குள்ளேயே முழுதாக நிரல் எழுதக்கூடிய ஒரு செயலி சும்மா இருக்கிறது என்பது சில வாரங்களில் வெளியே தெரிந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனமே மென்பொருள் கருவிகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டு இவான் க்ரோஹோட்கோவ் ஆர்டுயினோவிலேயே அந்தச் சிப்புக்கு நிரல் எழுதும் வழியைச் செய்து கொடுத்தார். அவர் பின்னாளில் அந்த நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். அடுத்து வந்த ஈஎஸ்பி32தான் இன்று எங்கள் மோட்டார் அறையில் இருக்கிறது. கேட்டைப் பூட்டி வைக்காமல், வந்தவர்களுக்கு வழிவிட்டதால் அந்தச் சிப் வளர்ந்தது என்பது என் எண்ணம்.

வைஃபை எங்கள் வேலைக்கு உதவாது. தென்னை மரங்களுக்கு நடுவே நூறு மீட்டர் போனாலே பெரிது. எனக்குத் தேவைப்பட்டது லோரா, குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் ரேடியோ. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்ளியோ என்ற சிறு நிறுவனத்தில் பிறந்து, 2012இல் அமெரிக்காவின் செம்டெக் வாங்கிக்கொண்ட நுட்பம் அது. நானும் இன்னும் ஆயிரக்கணக்கானோரும் மின்சுற்றுப் பலகை வரையப் பயன்படுத்தும் கீகேட் என்ற திறமூல மென்பொருளை ஜான்-பியர் ஷராஸ் 1992இல் எழுதத் தொடங்கியதும் அதே கிரெனோபிளில்தான். அந்த ஊருக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை உண்டு.

குயில் கூவும்போது குரல் கீழிருந்து மேலே ஏறுகிறது அல்லவா, லோரா அலையும் அப்படித்தான். ஒவ்வொரு குறியும் ஓர் அதிர்வெண்ணில் தொடங்கி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. எந்த இடத்திலிருந்து ஏறத் தொடங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. சந்தை இரைச்சலிலும் குயிலின் கூவலை நம் காது பிரித்தெடுப்பது போல, அந்த வடிவத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் சிப், இரைச்சலுக்கு அடியில் புதைந்துபோன அலையையும் தோண்டி எடுத்துவிடும். நான் பயன்படுத்தும் அமைப்பில், சுற்றியுள்ள இரைச்சலின் ஐம்பதில் ஒரு பங்கு வலிமையே உள்ள அலையைக்கூடப் படிக்க முடிகிறது. அதற்கு விலை வேகம். நொடிக்கு சுமார் 1,000 பிட்தான் போகும். படம் அனுப்ப முடியாது, பேச முடியாது. மின்சாரம் வந்ததா இல்லையா என்று சொல்ல அது தாராளம்.

இதை நானே கண்ணால் பார்த்தேன். டிவி பார்ப்பதற்காகச் செய்த ஒரு யுஎஸ்பி குச்சி, அகலமான அலைவரிசை முழுவதையும் கேட்கும் ரேடியோவாக மாறக்கூடியது என்று 2012இல் திறமூல ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று அதற்குப் பெயர். அதை மடிக்கணினியில் செருகி, 866 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து ஒரு செய்தி அனுப்பினேன். திரையில் நீலப் பின்னணியில் சாய்ந்த மஞ்சள் கோடுகள், நெசவில் ஊடு விழுவது போல, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அன்றிலிருந்து ரேடியோ எனக்குக் கண்ணுக்குத் தெரியாத பொருளாக இல்லை.

866 என்ற எண் நாம் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது அல்ல. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் விதி வந்தது. 2021இல் அது 868 வரை நீண்டது. அமெரிக்காவுக்குச் செய்த 915 போர்டு விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அது வேலை செய்யும் பட்டையில் ஒரு பகுதி இங்கே செல்பேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம். என் நண்பர் ஒருவர் இரண்டு போர்டுகளை அப்படி வாங்கிவிட்டார். இரண்டும் இன்னும் அட்டைப் பெட்டியில்தான் இருக்கின்றன.

மென்பொருளுக்கு மெஷ்டாஸ்டிக்கை எடுத்துக்கொண்டேன். 2020இல் கெவின் ஹெஸ்டர் தொடங்கிய திட்டம். மலையேறுபவர்கள் செல்பேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் ஒருவரோடு ஒருவர் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதியது. நிரல் முழுவதும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்திருக்கிறது. ஒரு கருவி அனுப்பும் செய்தியைக் கேட்ட மற்றக் கருவிகள் அதைத் திருப்பிச் சொல்லும், அப்படித் தாவித் தாவி அது தூரம் போகும். எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்பிச் சொன்னால் குழப்பம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. செய்தியை மங்கலாகக் கேட்ட கருவி, அதாவது பெரும்பாலும் தூரத்தில் இருக்கும் கருவி, முதலில் பேசும். அருகில் இருந்து தெளிவாகக் கேட்டவை சற்றுப் பொறுத்திருக்கும். காத்திருக்கும்போது வேறொன்று அதைச் சொல்லிவிட்டது காதில் விழுந்தால், தாம் பேசாமல் அடங்கிவிடும்.

கரட்டின் மறிப்பைத் தாண்ட அத்தை வீட்டு மொட்டை மாடி கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் எங்கள் வீட்டு ஓடு, இன்னொரு பக்கம் தோப்பின் மட்டைகள். முதலில் அங்கே வைத்தது ஓர் ஈஎஸ்பி32 போர்டு. எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கருவி அது, 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுத்தது. 3,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றேகால் நாளில் காலி. சிறிய சோலார் பலகை ஈடுகொடுக்கவில்லை. என்ஆர்எஃப்52840 என்ற வேறு சிப் உள்ள போர்டுக்கு மாற்றினேன். அது அதில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கிறது. மழை நாட்களிலும் நிற்கவில்லை. அத்தை அங்கே வடகம் காயப்போடும்போது, பெட்டியின் மேல் படிந்த தூசியைத் துணியால் துடைத்துவிடுகிறார். சோலார் பலகை சுத்தமாக இருப்பது அவரால்தான்.

தூரத்தைத் தீர்மானிப்பதில் சிப்பைவிட ஆண்டெனாவுக்கே பங்கு அதிகம். போர்டோடு வந்த குட்டை ஆண்டெனாவில் 868 என்று ஒட்டியிருந்தது. ஆண்டெனா எந்த அதிர்வெண்ணில் இசைகிறது என்று காட்டும் நானோவிஎன்ஏ என்ற சிறு அளவீட்டுக் கருவியில் மாட்டிப் பார்த்தேன். அது ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்துத் திறந்து வெளியிட்டது. ஒரு காலத்தில் ஆய்வகங்களில் மட்டுமே பார்க்க முடிந்த அளவீட்டை இப்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோப்புக்குப் போகிறேன். ஆண்டெனாவின் வளைகோடு 820க்கு அருகில் பள்ளம் காட்டியது. அது நமக்கு வேண்டிய இடத்தில் பாடவில்லை. தூக்கி வைத்துவிட்டு, வீட்டு ஒயரிங் வேலையில் மிஞ்சிய செம்புக் கம்பியை எடுத்தேன். 866 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 34.6 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8.65. கம்பி அதைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தால்தான் சரியாக இசையும். முதலில் சற்று நீளமாக 9க்கு வெட்டி, அளந்து, ஒரு மில்லிமீட்டர் நறுக்கி, மீண்டும் அளந்து, 8.2இல் பள்ளம் 866க்கு வந்து உட்கார்ந்தது. அடியில் அதே நீளத்தில் நான்கு கம்பிகள், குடைக் கம்பி போல் சாய்த்து. செலவு கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஒன்றை மறக்கக் கூடாது. ஆண்டெனா மாட்டாமல் ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து சிப்பையே கெடுத்துவிடலாம்.

மோட்டார் அறையில் நான் சேர்த்தது மிகவும் எளிய சுற்று. ஒவ்வொரு முனைக்கும், அதாவது ஃபேசுக்கும், ஒரு பழைய செல்பேசி சார்ஜர். ஃபேஸ் இருந்தால் சார்ஜரில் 5 வோல்ட் வரும். அதை 10 கிலோ ஓம், 15 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைக் கொண்டு 3 வோல்ட்டாகக் குறைத்துப் போர்டின் காலுக்குக் கொடுத்தேன். மூன்று கால்களும் உயர்ந்தால் மும்முனை வந்துவிட்டது. சார்ஜர்களை மாட்டும் வேலையை மட்டும் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்து, மெயினை இறக்கிவிட்டுச் செய்தோம். 415 வோல்ட்டோடு துணிச்சல் காட்டக் கூடாது.

அடுத்து, தோப்பின் மறுமுனையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. நீர் மட்டத்தை மோட்டார் அறைக்குச் சொல்ல வேண்டும். 400 மீட்டர்தான். அதற்கு மெஷ்டாஸ்டிக் தேவையில்லை. ரேடியோலிப் என்ற திறமூல நூலகத்தை வைத்து நானே எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, சொல்லிவிட்டு மீண்டும் தூங்கிவிடும். பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தேன். 17ஆம் நாள் அது பேசாமல் போனது.

போர்டை வீட்டுக்கு எடுத்து வந்து மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்தேன். தூங்கும்போது 35 மைக்ரோ ஆம்பியர் காட்ட வேண்டிய இடத்தில் 7 மில்லி ஆம்பியர், அதாவது இருநூறு மடங்கு. என் கையில் இருந்தது ஒரு நகல் போர்டு. மூலப் போர்டை வடிவமைத்தவர்கள் அதன் வரைபடத்தை வெளியிட்டிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்தேன். மூல வரைபடத்தில் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும், தூக்கத்தில் மிகச் சொற்பமாகக் குடிக்கும் ரெகுலேட்டர் இருந்தது. நகலில் அந்த இடத்தில் 1117 என்று முடியும் பழைய வகை. அது எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போதே 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். மிச்சம், எப்போதும் எரியும் சிவப்பு எல்இடி.

எல்இடியை இடுக்கியால் எடுத்துவிட்டேன். ரெகுலேட்டருக்குப் பதில் எச்டி7833 போட்டேன். அது 4 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டுக்கும் மூன்று கால்கள்தான், ஆனால் வரிசை வேறு. பழையதில் நடுக்கால் வெளியே தருவது, புதியதில் நடுக்கால் உள்ளே வாங்குவது. அப்படியே வைத்துப் பற்றவைத்தால் போர்டு போய்விடும். அதனால் இரண்டு கால்களைக் குறுக்காக வளைத்து, ஒன்றோடொன்று தொடாமல் இருக்க மெல்லிய உறை மாட்டிப் பற்றவைத்தேன். மீட்டர் 36 காட்டியது. அந்தப் பேட்டரியை நான் மாற்றி ஏழு மாதம் ஆகிறது.

யாரோ தன் வரைபடத்தை மறைக்காமல் வைத்திருந்ததால்தான் இதைச் சரிசெய்ய முடிந்தது. நகல் எடுத்தவர் தன் மாற்றத்தை எங்கும் சொல்லவில்லை. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்று அட்டையில் அச்சிட்டுவிட்டு, மங்கலான ஒரு படத்தை மட்டும் தருகிறவர்கள் நிறையப் பேர். திருத்தக்கூடிய மூலக் கோப்புகளைத் தராத எதையும் நான் திறந்த வன்பொருள் என்று சொல்லமாட்டேன். இதற்கென்று ஐரோப்பிய அணு ஆராய்ச்சி ஆய்வகமான செர்ன் 2011இல் ஓர் உரிமமே எழுதியது, 2020இல் அதைத் திருத்தி வெளியிட்டது. பலகை வடிவமைப்பவர்கள் யாராக இருந்தாலும் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அதேசமயம் உண்மையையும் சொல்ல வேண்டும். எங்கள் தோப்பில் இருக்கும் எதுவும் அடிவரை திறந்ததல்ல. லோரா சிப்பின் உட்பகுதி செம்டெக்கின் சொத்து. ஈஎஸ்பி32இன் வைஃபைப் பகுதி மூடிய கோப்பாகத்தான் வருகிறது, அதைத் திறக்கச் சிலர் இப்போது பொறுமையாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். லோரா விஷயத்தில் மாட் நைட் என்பவர் 2016இல், மென்பொருள் ரேடியோவில் அலையைப் பதிவு செய்து, குறி குறியாகப் பிரித்து, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று வெளிக்கொண்டுவந்தார். சில இடங்களில் ஆவணத்தில் எழுதியிருந்ததும் சிப் செய்வதும் ஒன்றாக இல்லை என்பதும் அப்போது தெரிந்தது. அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை மேலிடுகிறது.

கடைசியாக வீட்டுக் கூடத்தில் வைத்த பெட்டி. இதற்குத்தான் நான் அதிக இரவுகள் செலவிட்டேன். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். பழைய ஸ்டார்ட்டர் ஏதாவது சொன்னால் அது ஆங்கிலத்தில் சொல்லும். அவர் அதைக் காகிதத்தில் எழுத்து எழுத்தாக வரைந்து எனக்குச் செல்பேசியில் படம் அனுப்புவார். இந்தப் பெட்டி அவரிடம் தமிழில்தான் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே நினைத்திருந்தேன்.

‘மும்முனை வந்தது’ என்பதை எழுத்தாக அனுப்பினால் 43 பைட். நம் எழுத்தின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். இவ்வளவு மெதுவான அலையில் அது வீண் சுமை, பேட்டரிக்கும் நஷ்டம். அதனால் மோட்டார் அறையிலிருந்து ஓர் எண் மட்டும் வரும்படி செய்தேன். எந்த எண்ணுக்கு எந்த வாக்கியம் என்பது கூடத்துப் பெட்டியிலேயே இருக்கும். அந்தச் சிறு திரை 128க்கு 64 புள்ளிகள். அதன் எழுத்துருவில் தமிழ் இல்லை. வாக்கியங்களைப் படமாக வரைந்து சேர்த்தேன். ஒரு படத்துக்கு 1,024 பைட். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து, கட்டங்களை எண்ணி. மெஷ்டாஸ்டிக்கின் திரைப் பகுதி நிரலில் என் படங்களைக் காட்டும் சில வரிகளைச் சேர்த்ததும் வேலை முடிந்தது.

முதல் இரவே அப்பா குறை சொன்னார். ‘மும்முனை’ என்பதில் மெய்யெழுத்தின் புள்ளி தெரியவில்லை, ‘முமமுனை’ என்று இருக்கிறது என்றார். ஒரே ஒரு புள்ளியாக வைத்திருந்ததை மூன்றுக்கு மூன்று கட்டமாகப் பெரிதாக்கினேன். ‘னை’யில் முன்னால் வரும் குறி ஒட்டிக்கொண்டு வேறு எழுத்தாகத் தெரிந்தது, இரண்டு புள்ளி நகர்த்தினேன். ஒருநாள் அதிகாலை 2.40க்குப் பெட்டி மெல்ல ஒலி எழுப்பியது. அப்பா எழுந்து, கண்ணாடியைத் தேடாமலே படித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இப்போது அவர் இரவில் ஒருமுறைதான் போகிறார், மின்சாரம் உண்மையிலேயே வந்த பிறகு.

வரைபடம், நிரல், அந்தப் படங்கள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து மாமா ஒன்று கேட்டிருக்கிறார். அவருக்குப் பெட்டி செய்து கொடுப்பதைவிட, பாலிடெக்னிக்கில் படிக்கும் அவர் மகளை வாரக்கடைசியில் வரச்சொல்லியிருக்கிறேன். ரெகுலேட்டரின் கால்களைக் குறுக்காக வளைப்பதில் தொடங்குவோம்.

அப்பா இன்னொரு வாக்கியம் கேட்கிறார். கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் சொல்ல வேண்டும், ‘கிணற்றில் நீர் இல்லை’ என்று. உணரியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இன்றிரவு நோட்டில் ‘ற்’, ‘றி’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். 24 கட்டம் உயரத்துக்குள் மேல்விலங்கும் புள்ளியும் மோதுகின்றன.